ரதினாவுக்குக் கிடைக்கக் கூடாத சீட்

செப்டம்பர் 17, ஞாயிறு

அம்மா காலையிலிருந்து பால்கனியில் குடைமிளகாய் சுடுகிறாள், குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைத்து வைக்க. எதிர் வீடு, மேல் வீடு, கீழ் வீடு, எல்லா பால்கனியிலும் இதே புகைதான். ரூசே நகரமே காந்துகிறது, பல்கேரியா முழுவதும் இதே கதைதான். தோலுரிக்க என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். விரல் எரிகிறது. வயிறு அதைவிட எரிகிறது.

வெள்ளிக்கிழமை பள்ளி திறந்தார்கள். பூங்கொத்து, கொடி, பாட்டு எல்லாம் முடிந்ததும் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, நம் பள்ளிக்குப் பெருமை சேர்த்த இளம் தொழில்முனைவர் என்று ரதினாவை மேடைக்குக் கூப்பிட்டார். மே மாதம் சோஃபியாவில் நடந்த போட்டியில் 'நாரை'க்கு முதல் பரிசு. நாரை என்பது நாங்கள் விற்கிற மார்ட்டெனித்சா. மார்ச் முதல் தேதி ஊரே மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளைக் கயிறு. வசந்தத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்க்கிற வரை அதைக் கழற்றக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தோம். பேர் நான் வைத்தது. மாதிரி நான் போட்டது. முடிச்சும் நான் போட்டதுதான். அவிழாத முடிச்சு என்பதற்காகவே வர்னாவிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. ரதினா கடை கடையாகப் போய்ப் பேசுவாள், படம் எடுத்துப் போடுவாள். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போட்டி அன்று எனக்கு அம்மை போட்டிருந்தது. அவள் தனியாகப் போனாள். போகும்போது கூட்டாளி, வரும்போது நிறுவனர்.

வெள்ளிக்கிழமை மேடையில் அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்து தொலைக்கக் கூடாது என்பதற்காக. "இதை நான் தனியாத்தான் தொடங்கினேன். ஒரு தோழி முடிச்சுப் போட உதவினா."

ஒரு தோழி. பேர்கூடக் கிடையாது. முன் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் பூங்கொத்தோடு, மாடு மாதிரி.

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. வணிகம் படிக்க அமெரிக்கா போக வேண்டும், அதுவும் அவர்கள் உதவித்தொகையில். மதிப்பெண் என்னிடம் இருக்கிறது. ஆனால் அங்கே முதல் கேள்வியே, நீ எதைத் தொடங்கினாய் என்பதுதான். நான் தொடங்கினது ஒன்றே ஒன்று. இனி அதை நான் எழுதினால் யார் நம்புவார்கள்? அவளிடம் கோப்பை இருக்கிறது, பத்திரிகையில் படம் இருக்கிறது. என்னிடம் விரலில் தழும்பு இருக்கிறது.

விட மாட்டேன். அவ எதை ஆசைப்படுறாளோ அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 26

இன்று ரதினா பக்கத்து பெஞ்சுக்கு வந்து, "கோபமா நெவேனா?" என்றாள். "யாரு நெவேனா? முடிச்சுக்காரியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 3

கார்ட்வெல், பாஸ்டன். இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுவேன்.

கடலோர ஊர். வணிகப் படிப்பில் பாதிக் காலம் வகுப்பு, பாதிக் காலம் கம்பெனிகளில் வேலை. ஏற்றுமதி இறக்குமதிக்கென்று தனிப் பிரிவே உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அந்த வளாகத்தின் வீடியோவை நாங்கள் இருவரும் என் கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருப்போம். நூலகத்துக்கு வெளியே மரப் படிக்கட்டு, அதில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிற கூட்டம். அந்தப் படிக்கட்டில் மூன்றாம் படி என்னுடையது என்று அப்போதே சொல்லி வைத்தேன்.

பள்ளியில் இந்தப் பேரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் சொல்வதில்லை. எங்கே போடப்போகிறாய் என்று கேட்டால் வேறு ஏதாவது பேரைச் சொல்லி மழுப்புவோம். உண்மைப் பேரை வெளியே விட்டால் கண்பட்டுவிடும், காரியம் கெட்டுவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு பள்ளியிலிருந்து ஒருத்தருக்கு மேல் எந்த இடத்திலும் உதவித்தொகையோடு எடுக்க மாட்டார்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும், எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கும் தெரியும். இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டால் மதிப்பெண் குறைந்தவள் அவுட்.

மதிப்பெண் குறைந்தவள்.

ரதினா என்னைவிடக் குறைவு. இது ஏன் எனக்கு முன்னமே தோன்றவில்லை?

அக்டோபர் 14, சனி

ஆண்டவன் இருக்கிறான்.

அம்மா இன்று தலைக்குச் சாயம் போடப் போனாள், ரதினாவின் அம்மா டான்கா அத்தையின் சலூனுக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது. "சண்டை உங்களுக்குள்ள. தலைமுடி என்னுது. இந்த வட்டாரத்துல அவளை மாதிரி சாயம் போட ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது செம்பட்டைத் தலையோடு செய்தியும் கொண்டுவந்தாள். டான்கா அத்தை வாயை விட்டுவிட்டாளாம். ரதினா ராத்திரி பகலா ஒரே இடத்தைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா, அயோவாவுல ஹாஸ்கின்ஸ்னு ஒரு பல்கலைக்கழகம், அது கிடைக்கலேன்னா எம்பொண்ணு மனசு உடைஞ்சுபோயிடும் என்றாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவேன், நம்ம நெவேனா ஹாலந்து போறா, காற்றாலையைப் பத்திப் படிக்கப் போறான்னு சொன்னேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். டான்கா அத்தை அதை அப்படியே நம்பிவிட்டாளாம். நானும் சேர்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது.

ஹாஸ்கின்ஸ். இந்தப் பேரை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 15

ஹாஸ்கின்ஸ் பற்றி முழுநாளும் படித்தேன். நல்ல வணிகப் பள்ளி, குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். சுற்றிலும் சோளக்காடு. பக்கத்து ஊர் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் சோளக்காடு.

முன்கூட்டிப் போடுகிற வழி ஒன்று உண்டு. நவம்பர் முதல் தேதிக்குள் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போடலாம். டிசம்பரிலேயே பதில் வந்துவிடும்; மற்றவர்கள் ஜனவரியில் போட்டு மார்ச்சில்தான் பதில் பார்ப்பார்கள். அப்படிப் போடுகிறவர்களுக்குச் சீட் கிடைப்பது சுலபம், ஆனால் கிடைத்தால் போயே ஆக வேண்டும். வேறெங்கும் போடக் கூடாது. பெற்றவர்கள் கையெழுத்து, வகுப்பாசிரியை கையெழுத்து, என் கையெழுத்து. கல்யாணம் மாதிரி.

அந்த ஒரு வாய்ப்பைக் கார்ட்வெல்லுக்காகத்தான் வைத்திருந்தேன்.

அதை ஹாஸ்கின்ஸில் போட்டால்? டிசம்பரில் எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தி வந்தாயிற்று என்று ஆகிவிடும். அப்புறம் ரதினா கோப்பையோடு போய் நின்றாலும் கதவு திறக்காது. அவ மனசு உடையறதை நான் பக்கத்துல நின்னு பார்க்கலாம். பூங்கொத்தோட.

கார்ட்வெல்?

தெரியாது. இப்ப அதைக் கேட்காதே.

அக்டோபர் 19

அண்ணன் கமெனிடம் மட்டும் சொன்னேன். டயர் கடையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்றேன்னு சொல்ற. நல்லா அறு. அம்மாகிட்ட பஞ்சு இருக்கும்" என்றான்.

இங்கிலாந்தில் நாலு வருஷம் கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டுத் திரும்பினவன் எனக்குப் புத்தி சொல்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். உப்பு எடுத்துத் தா என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 25

வகுப்பாசிரியை ஹ்ரிஸ்டோவாவிடம் கையெழுத்துக்குப் போனேன். எங்கள் எல்லோருடைய விண்ணப்பமும் அவர் கையால்தான் போகும். யார் எங்கே என்று அவருக்குத் தெரியும், ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் மூச்சு விட மாட்டார். எமன் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார்.

பேரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அயோவாவா? நீயா?" என்றார். ஆமாம் என்றேன். "பாஸ்டன் என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டதே." மனசு மாறிவிட்டது என்றேன். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு, இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய் யோசி என்றார்.

யோசித்துவிட்டேன் டீச்சர், மே மாதத்திலிருந்து வேறு எதையும் யோசிக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 1

இன்று பள்ளி விடுமுறை. அப்பா ஜெர்மனியில் ஏதோ ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார். நீ எங்கே போனாலும் சரி, நல்லா சாப்பாடு போடுவாங்களா என்று மட்டும் கேட்டார். மத்தியானம் அனுப்பிவிட்டேன். நாரையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அம்மாவின் ரொட்டிக் கடையில் சனிக்கிழமைகளில் நின்றதை எழுதினேன். எந்த நேரத்துக்கு எந்த ரொட்டி தீர்ந்துபோகும், மழை பெய்தால் எது தேங்கும் என்று. உண்மைதான் எல்லாம். ஏனோ எழுத எழுத நன்றாகவே வந்துவிட்டது.

அனுப்பு என்கிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அம்மா வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள், காரியம் தண்ணீராய் ஓட வேண்டும் என்று. கீழ் வீட்டுக்காரி படியில் வழுக்கி விழப் பார்த்தாள்.

நவம்பர் 22

ஹாஸ்கின்ஸிலிருந்து ஒரு அம்மாள் கணினித் திரையில் வந்து பேட்டி எடுத்தாள். சிரித்த முகம். ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டாள். அதற்கு நான் என்ன சொல்ல? ஒருத்தியைப் பழிவாங்க என்றா?

சோளக்காட்டைப் பார்த்தால் மனசு அமைதியாகிறது என்றேன். டான்யூப் கரையில் வேகவைத்து விற்கிற சோளத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தாத்தா சோளம் பயிரிட்டவராம்.

டிசம்பர் 16, சனி

கிடைத்துவிட்டது.

காலையில் எழுந்து திறந்து பார்த்தேன். முழு உதவித்தொகை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம். அம்மா அழுதாள், மாவுக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, சாப்பாடும் உண்டா என்று போனில் இரண்டு தடவை கேட்டார். கமென்கூட என் தலையில் தட்டினான்.

நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ரதினாவின் முகத்தை நினைத்துப் பட்டேன். திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது.

டிசம்பர் 18, திங்கள்

எனக்குப் புரியவில்லை.

இனி ஒளிக்க வேண்டியதில்லையே, வகுப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஹாஸ்கின்ஸ், அயோவா. சொல்லிவிட்டு ரதினாவையே பார்த்தேன். அவள் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். வெளுக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டாள். பிறகு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? அயோவாவா? நிச்சயமா அங்கதான் போறியா?" என்று மூன்று தடவை கேட்டாள். கன்னமெல்லாம் ஈரம்.

நடிப்பு. கடைக்காரர்களிடம் நடித்துப் பழகினவள். உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் அந்தக் கட்டிப்பிடிப்பு நடிப்பு மாதிரி இல்லை. சே. என் வெற்றியில் எனக்கே ஒரு கல் உப்புக் குறைகிறது.

டிசம்பர் 31

அம்மா புது வருஷத்துப் பானித்சா சுட்டாள். வெண்ணெய்ப் பாலாடைக்கட்டி வைத்த மாவு அடுக்குக்குள் ஆளுக்கொரு ஆரூடச் சீட்டு. கமெனுக்குக் காதல். அம்மாவுக்கு ஆரோக்கியம். எனக்குப் பொறுமை வந்தது. சீட்டை எழுதினதே அம்மாதானே, இதை யாருக்காக எழுதினாய் என்று கேட்டால், எனக்காகத்தான், உன் துண்டுக்கு வந்துவிட்டது என்கிறாள்.

மார்ச் 1, வெள்ளி

இந்த வருஷம் நாரை இல்லை. நான் முடிச்சுப் போடவில்லை, அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. நிறுவனர் கடையை மூடிவிட்டார்.

ரதினா சந்தையில் வாங்கின கயிறு ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மட்டமான கயிறு. சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிட்டது. நான்தான் திரும்பக் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டிக்கொண்டேன் என்று தெரியவில்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 23, சனி

கோணல் மாணலாகத்தான் எழுத வருகிறது.

காலையில் ரதினா வீட்டுக்கே வந்தாள். கையில் கேக். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எனக்கு உன்கிட்டதான் முதல்ல சொல்லணும் என்றாள். பாஸ்டனில் கிடைத்துவிட்டதாம். கார்ட்வெல்லில். முழு உதவித்தொகை.

நான் முட்டாள் மாதிரிக் கேட்டேன். ஹாஸ்கின்ஸ்தானே உனக்கு உயிர் என்று.

"ஹாஸ்கின்ஸா? யார் சொன்னா?"

"உங்கம்மா. சலூன்ல. எங்கம்மாகிட்ட."

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். "ஐயோ நெவேனா. அம்மா எல்லார்கிட்டயும் ஏதாவது ஒரு பேரைச் சொல்லிக்கிட்டிருந்தா, கண்ணுபடக் கூடாதுன்னு. அந்த யுனிவர்சிட்டியிலேர்ந்து விளம்பரத் தாள் ஒண்ணு தபால்ல வந்துச்சு. அம்மா அது மேலதான் சாயக் கிண்ணத்தை வெச்சிருப்பா. கண்ணுல பட்ட பேரைச் சொல்லியிருப்பா. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கலை."

சாயக் கிண்ணத்துக்கு அடியில் கிடந்த தாள். அதற்குத்தான் நான் மூன்று கையெழுத்து வாங்கினேன்.

அவள் நிறுத்தவில்லை. கார்ட்வெல்லுக்கு முன்கூட்டியே போட ஆசையாக இருந்ததாம். போடவில்லையாம். "நீ அங்கதான் போடுவேன்னு எனக்குத் தெரியும். மூணாம் படி உன்னுதுன்னு சொல்லியிருக்கியே. ரெண்டு பேரும் போட்டா ஒருத்திக்கு இல்லாம போயிடும். மேடையில நான் பண்ணினதுக்கு அப்புறம் அதையும் உன்கிட்டேர்ந்து பிடுங்க எனக்கு மனசு வரலை. டிசம்பர்ல நீ அயோவான்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அங்க போட்டேன்."

அப்போதுதான் அந்தக் கட்டிப்பிடிப்பு புரிந்தது.

மேடையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் கேட்டேன். தலை குனிந்தபடி சொன்னாள். "நடுவருங்க நிறுவனர் யாருன்னு கேட்டாங்க. நான்னு வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல தைரியம் வரலை. உனக்கு மார்க் இருக்கு நெவேனா. எனக்கு அந்த ஒண்ணை விட்டா காட்டிக்க எதுவும் இல்லை."

இதைக் கேட்டதும் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. திருடினவ நல்லவளாவும் இருந்து தொலைக்கணுமா? அப்ப நான் யாரை வெறுக்கறது?

கேக்கை எடுத்துக்கிட்டுப் போ என்றேன். எடுக்காமல் போய்விட்டாள். கமென் பாதியைத் தின்றுவிட்டான்.

மார்ச் 24

அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் என்னாலதான், நான் வந்து சொல்லியிருக்கக் கூடாது என்கிறாள். நீ என்னம்மா பண்ணுவே. ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தேன். அதே நாற்காலி, அதே சாயம். எங்கம்மா ஹாலந்து, காற்றாலைன்னு வாய் கூசாம அளந்துட்டு வந்தா. நானும் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்ப அவங்கம்மா மட்டும் சத்தியம் பேசுவான்னு எனக்கு எப்படித் தோணிச்சு? ஊர் மொத்தமும் பொய்ப் பேர் சொல்லுதுன்னு இந்த நோட்டிலேயே எழுதி வெச்சிருக்கேனே.

கமென் மூக்கைத் தொட்டுக் காட்டினான். இந்தத் தடவை அவனிடம் நான் உப்புகூடக் கேட்கவில்லை.

ஹாஸ்கின்ஸை உதறலாமா? கையெழுத்து. வேறெங்கும் போடவும் இல்லை. போனால் சோளக்காடு, போகாவிட்டால் ரொட்டிக் கடை.

மே 24

பள்ளி நிறைவு விருந்து. அவரவர் வீட்டு வாசலில் மேளம், ஆட்டம், அக்கம்பக்கம் பூராவும். அப்பா இதற்காகவே லாரியை விட்டுவிட்டு வந்தார். பிறகு எல்லோரும் காருக்கு வெளியே தலையை நீட்டி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கத்தி எண்ணிக்கொண்டே ஊரைச் சுற்றினோம். எதிரே வந்த காரில் ரதினா. அவள் எட்டு என்று கத்தும்போது என்னைப் பார்த்தாள். நான் ஒன்பது என்று கத்தினேன், அவளைவிடச் சத்தமாக.

ஆகஸ்ட் 18

அம்மா மறுபடியும் வாசலில் தண்ணீர் ஊற்றினாள். கீழ் வீட்டுக்காரி இந்தத் தடவை கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

ஆகஸ்ட் 21

ஹாஸ்கின்ஸ்.

எழுதித் தொலைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். விமான நிலையத்தில் அட்டை பிடித்துக்கொண்டு நின்ற பையன் என் பேரைப் படித்ததுமே நம் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டான். ஸ்டோயன், மூன்றாம் வருஷம், ப்ளெவென் ஊர்க்காரன். "வா வா, ராத்திரி பீன்ஸ் சூப் வெக்கிறோம், உன்னோட சேர்த்து இப்ப ஆறு பேர்" என்றான்.

ஆறு பேர் என்றால் என்ன என்று கேட்டேன். பல்கேரியர்கள் ஆறு பேர் என்றான். ஒரு பள்ளிக்கு ஒருத்தர்தான் என்பார்களே, ஆறு பேரும் ஆறு பள்ளியா என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனும் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த எலித்சாவும் ஒரே வருஷம் சேர்ந்து போட்டார்களாம். இரண்டு பேருக்கும் முழு உதவித்தொகை. "யாரு கிளப்பி விட்டது இந்தக் கதையை? எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. நாங்க சோம்பேறிங்க, ஆளுக்கொரு இடம் தேட முடியலை, ஒரே இடத்துல போட்டோம்."

ஆக, ரதினா இங்கே போட்டிருந்தாலும் அவளுக்கும் கிடைத்திருக்கும். என்னால் ஒரு மயிரும் தடுத்திருக்க முடியாது. நானும் அவளும் கார்ட்வெல்லில் போட்டிருந்தாலும்...

மூன்றாம் படியில் ஒருத்தி, நாலாம் படியில் ஒருத்தி.

சோளம் ஆள் உயரம் நிற்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மனசு அமைதியாகவில்லை.

நவம்பர் 9

சந்தைப்படுத்தல் வகுப்பில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து விற்றுக் காட்ட வேண்டும். எல்லோரும் செயலி, செயலி என்கிறார்கள். நான் கயிறு என்றேன். பேராசிரியர், எனக்கு ஒன்று விற்றுக் காட்டு என்றார். இதைக் கட்டிக்கொண்டால் நாரையைப் பார்க்கும் வரை கழற்றக் கூடாது என்றேன். அயோவாவில் நாரை கிடையாதே என்றார். அப்படியானால் என் முடிச்சு நீண்ட நாள் தாங்க வேண்டும், அதற்குத்தான் இந்த விலை என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் இரண்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்டோயனும் எலித்சாவும் சாயந்தரமெல்லாம் நூல் வெட்டித் தருகிறார்கள். முடிச்சு மட்டும் நான். நாரை மறுபடி பறக்கிறது. சிகாகோவில் நம் ஆட்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மூட்டை மூட்டையாகக் கேட்கிறார்கள்.

இன்று பாஸ்டனிலிருந்து ஒரு ஆர்டர். முப்பது கயிறு, கார்ட்வெல் முகவரி. பேரைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். "முடிச்சு நீயே போடணும். இங்க ஒருத்திகூட அவிழாம போட மாட்டேங்கிறா. நான் உள்பட."

ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. முழு விலை கட்டியிருக்கிறாள்.

கயிற்றைக் கட்டி முடித்துப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குப் போட்டால் சனிக்கிழமை, முதல் தேதிக்கு, அவள் கையில் இருக்கும். நாளை மறுநாள் போட்டால் இரண்டாம் தேதிக்கு மேல் போய்ச் சேரும். முதல் தேதி தாண்டின மார்ட்டெனித்சாவை நாய்கூடச் சீந்தாது. முப்பது பேரிடம் சொல்லி வைத்திருப்பாள், முப்பது பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பெட்டியை அப்படியே விட்டால் போதும். இத்தனை நாள் தேடியது தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. சீட் மாதிரி இல்லை இது, நிச்சயம் வலிக்கும்.

ஸ்டோயன் காரை எடுக்கட்டுமா, தபால் ஆபீஸ் மூடிடும் என்று கதவைத் தட்டினான். பெட்டியில் ஒட்டின முகவரியை இன்னொரு தடவை படித்தேன்.

அப்புறம் எடுக்கச் சொன்னேன். பனியில் வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம், கதவை மூடுகிற நேரம். இன்றைக்கே போய்விட்டது. பெட்டிக்குள் எப்போதும் வைக்கிற சிறு அட்டையை மட்டும் ரதினாவுக்காகத் தனியாக எழுதியிருந்தேன், கொட்டை எழுத்தில்.

நாரை. நிறுவனர்: நெவேனா. கடை கடையாகப் பேசி விற்றது: ஒரு தோழி.